குலுக்கு நடை

வலையைப் பின்பக்கச் சந்து வழியாகத்தான் எடுத்துப் போக வேண்டும் என்பது கடைக்காரரின் உத்தரவு. ஈர வலை, அதில் செதில் நாற்றம், நுனியில் சொட்டும் தண்ணீர், இதையெல்லாம் முன்பக்க மேஜைகளில் உட்கார்ந்து வறுத்த மீன் சாப்பிடுகிறவர்கள் பார்க்கக் கூடாதாம். மீனைத் தட்டில் பார்க்கலாம், வலையில் பார்க்கக் கூடாது. இது எந்த ஊர் நியாயம் என்று அவள் ஒரு தடவை கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, சந்தில் வேண்டுமென்றே மெதுவாக நடக்க ஆரம்பித்தாள். கடையின் பின்வாசல் படியிலாவது நன்றாகச் சொட்டட்டும் என்றுதான்.

ஊரில் அவளுக்கு வலைக்காரி என்று பெயர் விழுந்து மூன்று கோடைகள் ஆகின்றன. கடைக்காரர் அவளுடைய கணவனின் அண்ணன். கீழே சாப்பாட்டுக் கடை, மாடியில் தூண்டில்காரர்கள் தங்குகிற அறைகள், பின்கட்டில் இரண்டு குடும்பமும். சமையலறை பொது. அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே தொட்டியில் பாத்திரம் கழுவி, இத்தனை வருஷமாக ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடிக்காமல் இருக்கிறார்கள் என்றால் அந்தப் பெருமை மூத்தவளைச் சேரும். அவளுக்கு வாய் நீளம், மனசு நல்ல மனசு.

வலைக்காரியின் கணவனை ஊரே குலுக்கி என்றுதான் கூப்பிடும். அந்தப் பெயருக்குக் காரணம் கடைச் சுவரில் தொங்குகிறது: வாய் குறுகிய ஒரு தகரக் கேன், முதுகில் மாட்ட இரண்டு தோல்பட்டை. மேலே மலை ஏரியில் ஒரு காலத்தில் மீனே கிடையாது. தூண்டில்காரர்கள் வர வேண்டும் என்பதற்காக இந்தக் குடும்பத்து ஆண்கள் கீழே சிமெண்டுத் தொட்டியில் புள்ளி மீன் குஞ்சுகளை வளர்த்து, கேனில் தண்ணீரோடு சுமந்துபோய் ஏரியில் விட்டார்கள். கேனுக்குள் தண்ணீர் அலம்பிக்கொண்டே இருந்தால்தான் குஞ்சுக்கு மூச்சு. சுமக்கிறவன் நின்றால் உள்ளே இருப்பது செத்துப்போகும். அதனால் மூச்சு வாங்கினாலும் மூத்திரம் முட்டினாலும் தோளைக் குலுக்கிக்கொண்டே ஏற வேண்டும். இதில் குலுக்கியை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் கேனில் ஒரு குஞ்சு செத்ததாகச் சரித்திரமில்லை. கேன் இல்லாமல் உப்பு வாங்கப் போனாலும் அவன் தோள் ஆடும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அவனைப் பார்த்துச் சிரித்ததே அந்த நடைக்காகத்தான்.

அவள் எதற்காக இந்தக் குடும்பத்துக்கே எதிரான வேலைக்குப் போனாள் என்று ஊரில் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடையின் பின்கட்டில் மீன் கழுவினாள். ஆரம்பத்தில் மீன் வயிற்றைக் கீறினால் உள்ளே தலைப்பிரட்டைகள் கொத்துக் கொத்தாக இருக்கும். சிலது பாதி செரித்து, சிலது அப்போதுதான் விழுங்கினதுபோல முழுசாக. வருஷம் போகப் போக அவை குறைந்தன. ஒரு வருஷம் ஒன்றுகூட இல்லை. மலையில் தவளைச் சத்தம் நின்றுபோய்விட்டது என்று மற்றவர்கள் பேசிக்கொண்டபோது, அது எங்கே போனது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் கையாலேயே அல்லவா குப்பைக்கூடையில் போட்டிருந்தாள்.

பிறகு ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். ஊர் அவளுக்குத் தவளை மேடம் என்று பெயர் வைத்தது. ஏரிக்கு மேலே இருந்த சின்னக் குட்டைகளில் மஞ்சள் தொடைத் தவளைகள் கொஞ்சம் மிச்சம் இருப்பதை அவள் கண்டுபிடித்தாள். இந்த மலைக் குளிரில் தலைப்பிரட்டை தவளையாக ஒரு கோடை போதாது, இரண்டு மூன்று வேண்டும். குட்டையோ குளிர்காலத்தில் அடிவரை உறைந்துவிடும், தலைப்பிரட்டைகள் அதோடு சாகும். ஆழமான ஏரியில் உறையாது. ஆனால் ஏரியில் மீன். ஆகவே ஏரியிலிருந்து மீனை எடுப்பது என்று தீர்மானமாயிற்று. புதிதாக மீன் விடக் கூடாது என்று தடையும் வந்தது. வலை இழுக்க ஆள் கேட்டபோது ஊரிலிருந்து போனவள் இவள் ஒருத்திதான்.

மூன்று கோடை இழுத்தாள். சின்னக் கண் வலை, ரப்பர் படகு, விறைத்துப்போகிற விரல்கள். மூன்றாவது கோடையின் நடுவில் வலை வெறுமையாக வர ஆரம்பித்தது. ஏரிக்கரைச் சதுப்பில் பூச்சிகள் புகைபோல எழும்பின, அவற்றைத் தேடிப் பறவைகள் வந்தன. ஒரு நாள் ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில் தலைப்பிரட்டைகள் கறுப்பாக மொய்த்துக்கொண்டிருந்தன. அவள் படகை விட்டு இறங்கி, கால் மரத்துப்போகும்வரை நின்று பார்த்தாள். மீன் வயிற்றுக்கு வெளியே அவற்றை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

இந்தக் குளிர்காலத்தை அவை தாண்டிவிட்டால் போதும் என்று தவளை மேடம் சொல்லியிருந்தாள்.

கோடை முடியப்போகிற நேரத்தில் ஒரு காலை வலையைத் தூக்கினாள். அதில் மீன் இருந்தது. உள்ளங்கை நீளம், ஒரே அளவில் ஏழெட்டு. துடுப்பு ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. ஏரியில் பிறந்த மீனுக்குத் துடுப்பு அப்படித் தேயாது, சிமெண்டுத் தொட்டியில் உரசி வளர்ந்ததற்குத்தான் தேயும். ஒன்றின் வயிற்றைக் கீறினாள். என்ன இருக்கும் என்று தெரிந்தேதான் கீறினாள்.

கரையில் ஒரு தட்டைப் பாறை உண்டு, பாதி தண்ணீரில் முங்கி நிற்கும். கேன் சுமப்பவர்கள் மேலே வந்ததும் குஞ்சுகளைச் சட்டென்று கொட்ட மாட்டார்கள். கேனை அந்தப் பாறையில் தண்ணீருக்குள் உட்காரவைத்து, உள் தண்ணீரும் வெளித் தண்ணீரும் ஒரே குளிராகும்வரை காத்திருப்பார்கள். பாறையில் புதுசாக வட்டமாக ஒரு துருக்கறை இருந்தது. வட்டம் ஓரிடத்தில் அறுந்திருந்தது, கடைச் சுவரில் தொங்குகிற கேனின் அடிவிளிம்பு நசுங்கியிருக்கிற அதே அளவுக்கு. தடையை மீறித் திருட்டுத்தனமாக வந்தவன் கொட்டிவிட்டு ஓட வேண்டியதுதானே. குஞ்சுக்குக் குளிரும் என்று உட்கார்ந்திருக்கிறான். கோபத்தில் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது, அப்புறம் அழுகை வந்தது. இரண்டையும் முடித்துக்கொண்டு தவளை மேடத்தின் கூடாரத்துக்குப் போனாள்.

"மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல மேடம். யாரோ விட்டிருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ஆனா எல்லாத்தையும் எடுத்துடுவேன்."

தவளை மேடம் மீனைக் கையில் வாங்கித் துடுப்பைத் தடவிப் பார்த்தாள். "பனி விழறதுக்கு முன்னால மேலிடத்துலேருந்து பார்க்க வர்றாங்க. ஏரியில மீன் நிக்குதுன்னு தெரிஞ்சா, இந்த வேலை வேஸ்ட்னு இழுத்து மூடிடுவாங்க. பழையபடி தூண்டிலுக்கு விட்டுடுவாங்க. விட்டவங்க திட்டமே அதுதான்னு நினைக்கிறேன்."

"அப்ப அவங்க வர்றதுக்குள்ள எடுத்துடலாம்."

"எடுத்து முடிச்சோம்னு எப்படித் தெரியும்? நாலு நாள் வலையில விழலைன்னா ஏரியில இல்லைன்னு அர்த்தமா? எத்தனை விட்டாங்கன்னு தெரியாம எதை வச்சு முடிஞ்சதுன்னு சொல்றது?"

"தெரிஞ்சுக்கிட்டா?"

"தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி," என்றாள் தவளை மேடம்.

அன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரொட்டி, உருளைக்கிழங்கு, கடையில் மிஞ்சின மீன். வலைக்காரி கணவன் தட்டில் ரொட்டியை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை?"

"ரெண்டு போதும்," என்றான் குலுக்கி.

"ரொட்டியைக் கேக்கல."

அவன் தோள் ஆடுவது நின்றது. கடைக்காரர் தண்ணீர் குடித்தார். மூத்தவள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னடி இது, விடுகதையா? எனக்கும் சொல்லேன்."

"ஒண்ணுமில்லக்கா. உங்க கொழுந்தனார் எத்தனை மீனை மேல கொண்டு போனாருன்னு கேட்டேன்."

"யாரைப் பார்த்து என்ன கேக்கறே?" என்றார் கடைக்காரர். "கேன் சுவத்துல தொங்குது. தூசி படிஞ்சு கிடக்கு."

"தூசி மேல மட்டும்தான் இருக்கு மாமா. அடியைத் தொட்டுப் பார்த்தேன். சுத்தமா இருக்கு."

"ஆபீஸ்காரங்க சகவாசம். வீட்டுக்குள்ளயே துப்புத் துலக்க வந்துட்டா." கடைக்காரர் கையை உதறினார். "இந்த மீன்தான் இந்த வீட்டுக்குச் சோறு போட்டுது. நீ உடுத்தியிருக்கறது, உன் கால்ல கிடக்கற பூட்ஸ், எல்லாம் அது கொடுத்தது. மாடியில ஆறு ரூம் காலியாக் கிடக்கு. தவளையா வந்து வாடகை கொடுக்கும்?"

"தொட்டி மீனை வறுத்து வித்துக்குங்க. நானே கழுவித் தர்றேன். யாரு வேண்டாங்கறா?"

"வர்றவன் தொட்டியில தூண்டில் போடவா வர்றான்?"

"அவன் ஒரு வாரம் தூண்டில் போட்டுட்டு ஊருக்குப் போயிடுவான் மாமா. அந்தத் தவளைக்குப் போக வேற ஊர் இல்ல."

கடைக்காரருக்குக் கோபம் வந்தது. எழுந்து போய்விட்டார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. காலி அறைகளின் கதவை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூடிவிட்டு வருவார், யாராவது வந்து படுத்திருப்பார்கள் என்பதுபோல. அந்தப் பயத்தை அவள் புரிந்துகொண்டுதான் இருந்தாள். புரிந்துகொண்டதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

குலுக்கி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "அண்ணன் சொன்னா நான் என்ன பண்றது?"

"என்ன பண்றதுன்னு கேக்கல. எத்தனைன்னு கேட்டேன்."

அவன் எழுந்து கை கழுவப் போனான். அவள் மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும். காலையில் பல் தேய்க்கும்போது கேட்டாள், அவன் விறகு பிளக்கும்போது கேட்டாள். சண்டை போடுகிற குரலில் கேட்கவில்லை, அடுப்பில் பால் இருக்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டாள். அதுதான் அவனை அதிகம் படுத்தியது. மூத்தவள் பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்தாள்.

"விட்டுத் தொலையேன்டி. நீயும் நாலு எடுத்தோம், முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு வா. ஆபீஸ்லேருந்து பார்க்க வர்றவன் என்ன ஏரிக்குள்ள இறங்கியா எண்ணப் போறான்?"

"இறங்க மாட்டான். மீன் இறங்கியிருக்கே அக்கா."

"உனக்கு அந்தத் தவளை அப்படி என்ன சொக்குப்பொடி போட்டுச்சு?"

"நீங்களும் எங்கூட உக்காந்துதானே மீன் கழுவினீங்க. வயித்துக்குள்ள பார்த்ததை நீங்க மறந்துட்டீங்க, எனக்கு மறக்கல."

மூத்தவள் தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்தக் கேன் எண்பதுதான் தாங்கும். அதுக்கு மேல போட்டா மூச்சு முட்டும்னு எங்க மாமனார் சொல்லுவார். எங்கிட்ட கேட்டதா யார்கிட்டயும் சொல்லாதே."

எண்பது. அவள் மேலே போய் அதைத் தவளை மேடத்திடம் சொன்னாள். இருவரும் எண்ண ஆரம்பித்தார்கள். காற்று மாறி, காலையில் ஏரி ஓரத்தில் கண்ணாடித் துண்டுபோலப் பனி கட்ட ஆரம்பித்திருந்தது. வலைக்கயிறு விரலை அறுத்தது. மிதவையைப் பிடித்து இழுத்தால் ஈயக்குண்டுகள் படகின் அடியில் தட்டித் தட்டி ஏறின. மதியம் ரொட்டியைக் கையுறையோடு பிடித்துத் தின்றார்கள். ஆழத்தில் போட்ட வலையில் நன்றாக விழுந்தது. ஐம்பது ஆயிற்று, எழுபது ஆயிற்று. எண்பதாவது மீனை எடுத்த அன்று தவளை மேடம் வாயெல்லாம் பல்லாக டீ போட்டுக் கொடுத்தாள். இருவரும் ஒரு பிளாஸ்கைக் காலி செய்தார்கள். சும்மா இருக்கட்டும் என்று வலையைத் திரும்பவும் போட்டுவிட்டு வந்தாள் வலைக்காரி.

மறுநாள் காலை அதில் ஒரு மீன் இருந்தது.

அதை அவள் வாளியில் போட்டுக் கீழே கொண்டுவந்தாள். சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்த பிறகு, ஒரு தட்டை எடுத்து அதில் அந்த மீனை மட்டும் பச்சையாக வைத்து மேஜை நடுவில் வைத்தாள்.

"இது எண்பத்தொண்ணு."

கடைக்காரர் முகத்தில் ஒரு திருப்தி வந்து மறைந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னும் வேற யார் யார் விட்டாங்களோ," என்றார் அவர். "ஊர்ல கேனுக்கா பஞ்சம்? விட்டுடும்மா. வர்றவங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும். வலையில விழுந்தா விழுது, விழலைன்னா உன் அதிர்ஷ்டம். மிச்சம் மீதி இருக்கறது ரெண்டு வருஷத்துல தானாப் பெருகிக்கும். யாருக்கும் கெட்ட பேரில்ல."

"எனக்கு அதிர்ஷ்டம் வேண்டாம் மாமா. கணக்கு வேணும்."

குலுக்கி அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தொட்டியில் தீனி போட்டு வளர்த்த மீன். செதில்கூடச் சிதையாமல் கிடந்தது.

"ரெண்டு நடை," என்றான்.

"டேய்," என்றார் கடைக்காரர்.

"ரெண்டு நடை போனேன். ரெண்டு தடவையும் எண்பது. நூத்தி அறுபது. வழியில ஒண்ணுகூடச் சாகல." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. அந்த நேரத்திலும் பெருமை. வாளியைத் தூக்கி அவன் தலையில் கவிழ்க்கலாமா என்று வலைக்காரிக்குத் தோன்றியது. கூடவே, கல்யாணத்துக்கு முன்னால் சிரித்த சிரிப்பும் வந்து தொலைத்தது.

"பெண்டாட்டி முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கா," என்றார் கடைக்காரர். "இனிமே கடைப்பக்கம் தலை காட்டாதே. தொட்டிப் பக்கமும் வராதே. பின்கட்டுல உன் பங்கு இருக்கு, அதுல கிட."

"சரிண்ணே," என்றான் குலுக்கி. அத்தனை வருஷமும் அண்ணன் சொன்ன எல்லாவற்றுக்கும் சொன்ன அதே 'சரிண்ணே' தான். மறுநாள் விடிந்ததும் அவன் மனைவிக்கு முன்னால் மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தான், தோளைக் குலுக்கிக்கொண்டு.

படகில் அவன் உதவாக்கரை. வலையை எப்படி மடிப்பது என்று தெரியாமல் இரண்டு தடவை சிக்கலாக்கினான். ஆனால் குஞ்சுகளை எந்தப் பக்கம் விட்டான், வெயில் ஏற ஏற அவை எந்தப் பள்ளத்துக்குப் போகும் என்பது அவனுக்குத் தெரியும். முதல் நாள் அவன் தலைப்பிரட்டைகளைக் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றான்.

"இதுக்குத்தான் இவ்வளவும்," என்றாள் அவள்.

அவன் கேலி செய்யவில்லை. காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்து நடந்தான்.

மேலிடத்துக்காரர்கள் வருகிற நாளில் நூற்றைம்பத்தொன்பது ஆகியிருந்தது. விடிந்ததிலிருந்து மூன்று தடவை வலையைத் தூக்கியும் அந்தக் கடைசி ஒன்று விழவில்லை.

பெரிய அதிகாரி கனத்த கோட்டோடு ஏறி வந்தார். மூச்சு வாங்கியதில் முகம் சிவந்திருந்தது. அவருக்குப் பின்னால் கடைக்காரரும் இன்னும் இரண்டு விடுதிக்காரர்களும் வந்திருந்தார்கள், ஊர்ப் பிரமுகர்கள் என்ற முறையில். வலையைத் தூக்கிக் காட்டச் சொன்னார் அதிகாரி. தூக்கினார்கள். தண்ணீர் மட்டும் வழிந்தது.

"நல்லது. அப்ப ஏரி சுத்தம்?"

தவளை மேடம் வலைக்காரியைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். கடைக்காரர் அந்த ஆமாமுக்காகத்தான் காத்திருந்திருக்க வேண்டும். அவள் வாயால் ஒரு பொய் வந்துவிட்டால் பிறகு அவளுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்.

"இல்ல சார். ஒண்ணு இருக்கு."

"என்னது?"

"கோடைக் கடைசியில நூத்தி அறுபது மீனைக் கொண்டுவந்து விட்டாங்க. நூத்தி அம்பத்தொன்பது எடுத்தாச்சு. ஒண்ணு பாக்கி."

"பறவை தூக்கிட்டுப் போயிருக்கலாமே?"

"போயிருந்தா சந்தோஷம். ஆனா நான் எடுக்காததை எடுத்தேன்னு சொல்ல மாட்டேன். அந்த ஒண்ணுக்காக மூடணும்னா மூடுங்க. நீங்க மூடினாலும் நான் வலையைச் சுருட்ட மாட்டேன். கூலி இல்லாட்டியும் வருவேன்."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். "நூத்தி அறுபதுன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது? இருநூறா இருந்தா? முந்நூறா இருந்தா?"

அதற்கு அவளிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதிலைச் சொல்ல மாட்டேன் என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். பின்னாலிருந்து சதுப்பில் பூட்ஸ் புதைகிற சத்தம் கேட்டது.

"நான்தான் விட்டேன் சார்," என்றான் குலுக்கி. "எண்ணித்தான் விட்டேன். எனக்குக் கணக்குத் தப்பாது. எங்க குடும்பத்து வேலை அது. யார் சொல்லி விட்டேன்னு கேக்காதீங்க, சுமந்தது என் முதுகு."

விடுதிக்காரர்கள் கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் ஏரியைப் பார்த்தார்.

அதிகாரி தவளை மேடம் பக்கம் திரும்பினார். "ஒத்தை மீன் குஞ்சு பொரிக்குமா?"

"பொரிக்காது சார்."

"அப்ப வலை கிடக்கட்டும். வேலை நடக்கட்டும்." பிறகு குலுக்கியைக் காட்டினார். "இந்த ஆள் மேல கேஸ் எழுதுங்க."

"எழுதுங்க சார்," என்றாள் வலைக்காரி. "கீழ வந்து கையெழுத்துப் போடுவாரு. இப்ப படகுல ஆள் வேணும்."

அவர்கள் கிழிந்த வலையொன்றைத் தைப்பதற்காக எடுத்துக்கொண்டு இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஆளுக்கொரு முனையாகப் பிடித்திருந்தார்கள். கடைத்தெரு முனையில் குலுக்கியின் கால் பழக்கத்தில் சந்துக்குள் திரும்பியது. அவள் தன் முனையை இழுத்தாள்.

"அந்தப் பக்கம் எங்க போறீங்க?"

"சந்து..."

"தெரு அகலமாத்தானே இருக்கு."

முன்பக்க மேஜைகளில் வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஈயக்குண்டுகள் நாற்காலிக் கால்களில் டக் டக்கென்று தட்ட, வலை நடுவில் சொட்டிக்கொண்டு போனது. தூண்டில் தொப்பி போட்ட ஒருவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"மேல ஏரியில மீன் இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு," என்றாள் அவள். "அதையும் எடுத்துடுவோம்."

மூத்தவள் ஜன்னலுக்குள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளோ என்னவோ. கடைக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் சுவரில் கேன் தொங்கியது. தம்பி சின்னப் பையனாகக் கேன் தூக்கிய நாளிலிருந்து மலைப்பாதையெல்லாம் அவனுக்குப் பின்னால் கத்திக்கொண்டு வந்த அதே வார்த்தையைக் கத்தினார்.

"நிக்காதே. நிக்காம நடடா."

குலுக்கி நின்றான். கடை வாசலுக்கு நேராக, மேஜைகளுக்கு நடுவில், ஈர வலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். தண்ணீர் தரையில் ஓடி அண்ணனின் செருப்புவரை போனது. அவன் தோள் ஆடவில்லை.